பூஜையில் வைத்த வைஃபை பெட்டி

2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. தஞ்சாவூர், விடுதி அறை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீர் குடித்தேன், போர்வையை மடித்து வைத்தேன், முந்தின நாள் குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினேன். பிறகு குளித்துவிட்டு, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே போய் நின்றேன். இந்த அறையில் வைஃபை அந்த ஒரு முழ அகலத்தில் மட்டும்தான் வருகிறது. அங்கே நின்றபடி சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்கு "எழுந்துவிட்டேன்" என்று அனுப்பினேன். "நானும்" என்று பதில் வந்தது. திருமணம் ஆனதிலிருந்து எங்கள் காலைப் பேச்சு இவ்வளவுதான். நாடு மாறியதற்காக அதை நீட்ட இருவருக்கும் தோன்றவில்லை.

நான் வந்திருப்பது ஒரு கையெழுத்துக்காக. அப்பா பெயரில் இருந்த நிலத்தை என் சித்தப்பா மகன் செல்வம்தான் பயிர் செய்கிறான். அதை அவன் பெயருக்கே மாற்றிக் கொடுக்க நான் நேரில் வரவேண்டியிருந்தது. மொத்தம் ஒன்பது நாள். ஒன்பது நாளுக்கு ஒரு புதிய எண்ணா என்று சிம் வாங்கவில்லை. போகிற இடமெல்லாம் வைஃபை இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் நூலகம், உணவங்காடி, மருத்துவமனை என்று எங்கே நின்றாலும் கைபேசி தானாக இணைந்துகொள்ளும். அந்தப் பழக்கம்.

இறங்கிய விமான நிலையத்திலும் இலவச வைஃபை இருந்தது. அதில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வர இந்திய எண் வேண்டும். "இந்திய எண் இருந்தா நான் ஏங்க இங்க நிக்கிறேன்?" என்று தகவல் மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தம்முடைய எண்ணையே கொடுத்தார். தமக்கு வந்த ஓடிபியை எனக்கு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். அதற்குப் பிறகு நான் எங்கேயும் வைஃபை அடையாளத்தைத் தேடவில்லை. ஆளைத் தேடினேன். பலன் நன்றாக இருந்தது.

கையெழுத்து வேலை மதியத்துக்குள் முடிந்தது. அன்று முழுவதும் அதற்கே ஒதுக்கியிருந்ததால் சட்டென்று கையில் ஒரு பிற்பகல் மிஞ்சியது. பெரிய கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். இலை போட்டதும் பாஸ்வேர்டு கேட்டேன். பரிமாறுபவர் என் கைபேசியை இலைக்கு அப்பால் நகர்த்தி வைத்தார்.

"முதல்ல சாப்பிடுங்கம்மா. வத்தக்குழம்பு ஆறிட்டா நல்லா இருக்காது. வைஃபை ஆறாது."

மோர் சாதம் முடிந்த பிறகு அவரே வந்து சொன்னார். கடையின் தொலைபேசி எண்ணைப் பின்னாலிருந்து போட வேண்டுமாம். "முன்னாலேருந்து போட்டா எதிர்க்கடைக்காரன் கண்டுபுடிச்சிடுவான்" என்றார். பெயர்ப்பலகையில் எண் பெரிதாக எழுதியிருந்தது. எதிர்க்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு, கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. செல்வத்தின் ஊருக்குக் கிளம்பினேன். திருவாரூரிலிருந்து குடவாசல் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஏறிய பேருந்தின் கண்ணாடியில் "இலவச வைஃபை" என்று ஒட்டியிருந்தது. நடத்துநரிடம் விசாரித்தேன்.

"அது ஸ்டிக்கர் மட்டும்தாங்க. வாங்கறப்பவே ஒட்டியிருந்திச்சு. உரிச்சா பெயிண்ட்டும் கூட வந்துடும்னு முதலாளி விட்டுட்டாரு."

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. மறுபாதியில் பேருந்து போனது. எதிரே வண்டி வந்தால் ஓட்டுநர் நின்று வழிவிட்டாரே தவிர நெல்லின் மேல் ஏற்றவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது. "இன்னும் நாலு நாளு தாங்கணும்" என்று எனக்கு முன்னிருக்கைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "தாங்கும். தாங்காட்டி மட்டும் என்ன பண்ணப்போறே?" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

செல்வம் பேருந்து நிறுத்தத்துக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான். வீட்டுக்குள் போனதும் தண்ணீருக்கு முன்னால் எனக்குக் காட்டியது கூடத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைத்தான். மூன்று மாதத்துக்கு முன் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறான். அந்தத் தெருவில் இவன் வீட்டில் மட்டும்தான். கைபேசிக் கோபுரம் தூரத்தில் இருப்பதால் மற்றவர்களுக்குப் பேச்சு கேட்கும், படம் நகராது.

"கொல்லைக் கதவு வரைக்கும் வருதுக்கா. மாட்டுக்கொட்டாயில ஒரு புள்ளி. மோட்டார் ரூம்ல கெடையாது. நடந்து பாருங்களேன்" என்றான். நடந்து பார்த்தேன். அவன் சொன்னது சரியாக இருந்தது. எனக்கு இந்த மாதிரி மனிதர்களைப் பிடிக்கும்.

அந்த இணைப்பு வந்ததே அவன் மனைவி வசந்தாவுக்காக. அவள் எம்.ஏ. தமிழ், பி.எட். படித்தவள். திருமணத்துக்குப் பிறகு, பள்ளி தூரம், மாமியாருக்கு உடம்பு, பிள்ளைகள் சின்னவர்கள் என்று ஒவ்வொன்றாக வந்து இருபது வருடம் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் இப்போது வெளியூர் விடுதிகளில் படிக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு ஊரில் நம் குடும்பங்கள் சில சேர்ந்து, பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் தேடியிருக்கிறார்கள். வசந்தா தானாகவே விண்ணப்பித்திருக்கிறாள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள்: மதுரையில் அனுபவமுள்ள ஓர் ஆசிரியை, அப்புறம் இவள். வெள்ளிக்கிழமை மாலை மாதிரி வகுப்பு.

"அவங்க பதினஞ்சு வருஷம் கிளாஸ் எடுத்தவங்களாம் அண்ணி. நான் எங்க எடுத்திருக்கேன்? இவருக்கு ஏடிஎம் கார்டு யூஸ் பண்ணச் சொல்லிக் குடுத்திருக்கேன். அதுவும் இன்னும் வரலை" என்றாள்.

"ஜெர்மனிக்கே டீச்சர்! இனிமே நாம இவகிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் சோறு கேக்கணும்" என்றான் செல்வம்.

"கிண்டல் பண்ணாதீங்க. முதல்ல கிடைக்கட்டும். ஒரே ஒரு தடவை 'வசந்தா டீச்சர்'னு யாராவது கூப்பிட்டாப் போதும் எனக்கு."

கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் கைபேசியில் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. அதனால் என் டேப்லட்டையே வகுப்புக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, அவளுடைய மின்னஞ்சலை அதில் திறந்து வைத்தோம். எழுத்து அட்டைகள், படங்கள், மூன்று பாடப் புத்தகங்கள் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். இரவு சாப்பாட்டுக்கு அரைக்கீரை மசியலும் விரால் குழம்பும். நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

அக்டோபர் 1, புதன்கிழமை. ஆயுத பூஜை. தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினேன். செல்வம் வாசலில் டிராக்டர் கலப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்க டேப்பையும் குடுத்துட்டுப் போங்க. பொட்டு வச்சு சாமிகிட்ட வச்சுடுறேன். இந்த வருஷம் வீட்ல ஒண்ணு விடப்போறதில்லை."

படம் எடுக்க வேண்டும், சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாராசுரத்தில் கூட்டம் இல்லை. கல்லில் குதிரைகள் இழுக்கும் மண்டபத்தைச் சுற்றி வந்தேன். சிங்கப்பூரில் பழையது என்றால் என் தாத்தா காலம். இங்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூச்சமாக இருந்தது. ஒரு தூணருகில் புதுமணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சிரிங்க" என்று அவள் சொல்ல, "சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று அவன் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதே நியாயம்.

கும்பகோணம் வந்து ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். முதலாளியிடம் வைஃபை கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம்தான் இருக்கும்மா. பூஜை போடப்போறோம். அதுவும் சாமிகிட்டப் போயிடும்."

இணைந்ததும் டேப்லட் ஒரு சத்தம் போட்டது. வசந்தாவுக்கு மின்னஞ்சல். ஜெர்மனியிலிருந்து கவிதா என்ற பெண்மணி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறையாம். பல குடும்பங்கள் வெளியூர் போகின்றனவாம். ஆகவே வகுப்பை இன்றைக்கே, இந்திய நேரம் மாலை ஐந்தரைக்கு மாற்றியிருக்கிறார்கள். "சரஸ்வதி பூஜை அன்றே தொடங்குவது நல்ல சகுனம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். இயலாவிட்டால் தெரிவியுங்கள். மதுரை ஆசிரியரின் வகுப்பை வைத்து முடிவு செய்துவிடுகிறோம்."

இரண்டு முறை படித்தேன். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடுவதில்லை, மறுநாள் காலையில்தான் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது அந்தப் பெண்மணிக்கு மறந்துபோயிருக்கிறது. அத்தனை வருடம் வெளியே இருந்தால் நாளின் நல்லது மட்டும் நினைவில் நிற்கும், விதி உதிர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான். "கட்டாயம் வருகிறேன்" என்று வசந்தாவின் பெயரில் பதில் அனுப்பினேன். அனுப்பிய மறு நிமிடம் முதலாளி கம்பியைப் பிடுங்கினார்.

அவர் கைபேசியை வாங்கிச் செல்வத்தை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. வசந்தாவின் எண்ணும் அதையே சொன்னது. இரண்டும் சாமியிடம் போய்விட்டன என்று புரிந்துகொண்டேன். பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

கிடைத்த பேருந்துக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முன்கண்ணாடி முழுக்கச் சந்தனமும் மாலையும். நடுவில் ஓட்டுநர் பார்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் இடம். பாதி வழியில் ஒரு கோயில் வாசலில் நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காய் சுற்றினார்கள். நடத்துநர் பொரியும் கடலையும் கலந்து பொட்டலம் கொடுத்தார். நான் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன்.

"ஏம்மா பறக்குறே? மத்த நாளெல்லாம் நம்மளைத் தூக்கிட்டுப் போவுதுல்ல. இன்னிக்கு ஒரு நாள் அதுக்கு மரியாதை வேணாமா?" என்றார் ஒரு பூக்கார அம்மா.

விஷயத்தைச் சொன்னேன். அவர் அதை அப்படியே தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.

"ஏப்பா டிரைவர்! இந்த அம்மா தம்பி பொண்டாட்டிக்கு ஜெர்மனியில கிளாஸாம். அஞ்சரைக்கு!"

"ஜெர்மனிக்கு இந்த பஸ்ஸு போவாதேக்கா" என்றார் ஓட்டுநர். ஆனால் கற்பூரம் அணைவதற்குள் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். குடவாசலில் வழக்கமாக டீக்கு நிறுத்துவார்களாம். அன்று நிறுத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "ஜெர்மனிக்காரனுக்காக எனக்கு டீ போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது முழுப் பேருந்தும் எனக்குக் கையசைத்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் மண்வெட்டி, அரிவாள், தையல் இயந்திரம், மிக்சி, வசந்தாவின் புத்தகங்கள், அட்டைகள், இரண்டு கைபேசிகள் எல்லாம் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் உச்சியில், மல்லிகைச் சரம் சுற்றி, இரண்டு ஆன்டெனாவிலும் பொட்டு வைத்து, அந்த வெள்ளைப் பெட்டி. பார்ப்பதற்கு இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதிப்பதுபோல் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் செல்வம் துள்ளி எழுந்தான். "அட, இதுக்கென்ன! எடுத்து மாட்டிட்டாப் போச்சு."

"தொடாதீங்க" என்றாள் வசந்தா.

"ஏய், சாமி கோவிச்சுக்காதுடி."

"கோவிச்சுக்காது. எனக்குத் தெரியாதா? ஆனா கற்பூரம் காட்டி வச்சாச்சு. சரஸ்வதிகிட்டேருந்து புடுங்கிட்டுப் போயி சரஸ்வதி வேலை பாக்கச் சொல்றீங்களா? கிடைக்கலைன்னா இதனாலதான்னு காலம்பூரா தோணும். கிடைச்சாலும் தோணும்."

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை வெள்ளிக்கிழமையை நினைத்துக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், விரலெல்லாம் மாவு. பக்கத்து வீட்டுக் கைபேசியை வாங்கிவந்து என் டேப்லட்டை அதில் இணைத்துப் பார்த்தோம். ஒரு படம் திறக்கும் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வம் பெட்டியையே பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கட்டாயம் வருகிறேன்" என்று நான் எழுதிவிட்டதை வசந்தாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். "நல்லது பண்ணுனீங்க அண்ணி" என்றாள். ஆனால் முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் வாசலில் நாகராஜன் வந்து நின்றார். அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு விடுபவர், நான்காவது வீடு. ஊரில் அவர் பெயர் மிஷின் நாகராஜன்.

"பூஜை முடிஞ்சிடுச்சு, பொரி வாங்க ஒருத்தரையும் காணும்? சிங்கப்பூர் அக்கா வாங்க, ஷெட்டுக்கு வாங்க."

செல்வம் நடந்ததைச் சொன்னான். நாகராஜன் கேட்டுவிட்டு, "நெட்டுதானே வேணும்? என் ஷெட்டுல ஓடுதே" என்றார்.

டீசல் திருட்டுப் போனதால் போன வருடம் ஷெட்டில் கேமரா மாட்டியிருக்கிறார். அதற்கென்று ஒரு சிம் போட்ட வைஃபை பெட்டி. சிக்னல் கிடைக்க வேண்டும் என்று கம்பம் நட்டு உச்சியில் வைத்திருக்கிறார்.

"அதை நீங்க பூஜையில வைக்கலையா?" என்று வசந்தா கேட்டாள்.

"அதெப்படிம்மா வைக்கிறது? கலப்பைக்கு லீவு, மிஷினுக்கு லீவு, காவக்காரனுக்கு ஏது லீவு? ஐயனாரை யாராச்சும் படுக்கச் சொல்றோமா?"

வசந்தா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, விஷயத்தைக் கேட்டதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "அது சரிதான். புத்தகத்தைத் தொடலை. வாய் என்னுது. வாங்க அண்ணி" என்று, கையைக்கூட முழுதாகக் கழுவாமல் கிளம்பிவிட்டாள்.

ஷெட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பாஸ்வேர்டு நாகராஜனுக்குத் தெரியாது. திருப்பூரில் இருக்கும் மருமகன்தான் மாட்டிக் கொடுத்தாராம். பெட்டியில் எழுதியிருக்கும், ஆனால் அது கம்பத்தின் உச்சியில். செல்வம் ஏணியைப் பார்த்தான். ஏணிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். வசந்தா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஏணியிடமிருந்து விலகி நின்றான். நாகராஜன் மருமகனை அழைத்தார்.

"மாப்ளே, அந்தக் கேமரா பாஸ்வேர்டு சொல்லுங்க. ... என்னது? ... அட சொல்லுங்க, அவசரம். ... ஏன், நான் கேட்டா என்ன?" பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்டத்தான் சொல்லுவாராம்."

அந்தப் பக்கத்தில் தாழ்ந்த குரல். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஒயர் வாங்கக் காசு கேட்டதுக்கு ரொம்ப நேரம் பேரம் பேசுனாரு. கோவத்துல வச்சுட்டேன். கஞ்சமாமா, எல்லாம் சின்ன எழுத்து, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு."

முகத்தை நேராக வைத்துக்கொண்டு அடித்தேன். இணைந்தது.

"என்னங்க வச்சிருக்கான்?" என்றார் நாகராஜன்.

"உங்க பேருதாங்க" என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "தங்கமான மாப்ளே" என்றார்.

சந்தனம் வாங்கி மாலையோடு நின்ற அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் டேப்லட்டை நிறுத்தினோம். ஐந்தரைக்குத் திரையில் ஏழு குழந்தைகள் வந்தார்கள். ஓரத்தில் கவிதா. வசந்தா வணக்கம் சொன்னாள். அதற்குமேல் வரவில்லை. இரண்டு வாரமாகத் தயாரித்தது அத்தனையும் புத்தகத்திலும் அட்டையிலும் இருந்தது. அவை சாமியிடம் இருந்தன. தொண்டையைச் செருமினாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? மருந்தகத்தில் இருப்புக் கணக்கு எழுதுகிறவள் நான்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன் திரைக்கு மிக அருகில் வந்தான். "பின்னாடி நிக்கிறது என்ன மிருகம்?" என்றான்.

வசந்தா திரும்பிப் பார்த்தாள். முன்பக்கம் வரிசையாகப் பல், நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது மிருகம் இல்ல கண்ணு, மிஷின். ஆனா நெறைய சாப்பிடும். என்ன சாப்பிடும்னு சொல்லுங்க பாப்போம்."

ஒருவன் பெட்ரோல் என்றான். ஒரு பெண் புல் என்றாள். வசந்தா இயந்திரத்தின் அடியில் சிதறிக் கிடந்ததில் ஒரு கைப்பிடி அள்ளிக் கேமரா முன்னால் நீட்டினாள்.

"இது என்ன?"

"ரைஸ்!" என்று ஏழு பேரும் கத்தினார்கள்.

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், ஊதினாள். உமி பறந்தது. "இப்ப இது?" "ரைஸ்!" பொரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "இது?" கொஞ்சம் யோசித்து, "ரைஸ்...?" என்றார்கள். "மத்தியானம் தட்டுல போட்டு அம்மா குடுப்பாங்களே, அது?" "ரைஸ்!"

"அச்சச்சோ, நாலுக்கும் ஒரே பேரா? உங்க வகுப்புல ஏழு பேருக்கும் ஒரே பேரு வச்சா எப்படி இருக்கும்?"

அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. நெல், உமி, அரிசி, பொரி, சோறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்தாள். நெல்லை ஊதச் சொன்னாள். அங்கே ஏழு பேரும் வெறும் கையை ஊதினார்கள். பொரியை வாயில் போட்டுக் கடித்துச் சத்தம் கேட்கவைத்தாள். கண்ணாடிப் பையன் "சோரு" என்றான். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினாள். ஊர்க்காரர்கள் வாசலில் கூடி, அவள் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் பதில் சொல்லத் துடித்தார்கள். ஒருமுறை படம் உறைந்தது. "செல்வம், கம்பத்தை மறைக்காதே, தள்ளு!" என்று நாலு பேர் அதட்டினார்கள். அவன் தாவி விலகினான். படம் நகர்ந்தது. உண்மையில் காரணம் அவன்தானா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை அவன் மூச்சை அடக்கி ஓர் ஓரமாகவே நின்றான்.

முடிந்ததும் கவிதா, பெற்றோர்களிடம் பேசிவிட்டு நாளைக் காலைக்குள் எழுதுவதாகச் சொன்னார். மதுரை ஆசிரியை முறையான பாடத்திட்டம் அனுப்பியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். திரை அணைந்தது.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"நானே இன்னிக்குத்தான் உமியைப் பாத்தேன்" என்றேன். அது உண்மை.

"பாடமே நடத்தலையே. ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கலை" என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கொழுக்கட்டை செய்தாள், அவள் சாப்பிடவில்லை. செல்வம் மட்டும் பெட்டிக்கு முன்னால் இன்னொரு முறை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான்.

அக்டோபர் 2, வியாழக்கிழமை. விஜயதசமி. இந்த வீட்டில் யாரும் என்னை எழுப்பவேண்டிய அவசியமில்லை. எனக்கு முன்பே மூவரில் இருவர் குளித்திருந்தார்கள். விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினார்கள். அடுக்கியதை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலே இருந்தது வைஃபை பெட்டி. செல்வம் மல்லிகைச் சரத்தைக் கழற்றிவிட்டு, பொட்டைத் துடைக்காமல் அப்படியே சுவரில் மாட்டினான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

இந்தக் காலையில் முதலில் ஏதாவது படிக்க வேண்டும். வசந்தா தன் பாடப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள், திறக்கவில்லை. "அண்ணி, நீங்க முதல்ல படிங்க" என்றாள், டேப்லட்டைக் காட்டி.

விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். "அன்புள்ள வசந்தா டீச்சர்" என்று தொடங்கியது. அங்கேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு; பெற்றோர் அனைவருக்கும் சம்மதம். கூடவே ஓர் ஒலிப்பதிவு. கண்ணாடிப் பையனின் குரல்.

"டீச்சர், எங்க வீட்டு டப்பாவுல அரிசி இருக்கு. தட்டுல சோறு இருக்கு. நெல்லு இல்ல. அம்மா கடையில கேட்டாங்க, அங்கயும் இல்ல."

இரண்டு முறை கேட்டாள். பிறகு டேப்லட்டைக் கையில் வாங்கி, பதிவு செய்யும் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று என்னிடம் கேட்டு அழுத்தினாள்.

"இருக்கட்டும் கண்ணு. எங்க ஊருல நெறைய இருக்கு. டீச்சர் எடுத்து வைக்கிறேன்."

அனுப்பிவிட்டு எழுந்து, காபிக்குப் பால் வைக்கப் போனாள்.